மேலே போகும் வழி அடைபட்டால் கீழே வருவதும் தடுமாறும்

சிங்கப்பூரின் நாடளாவிய பிராட்பேண்ட் கட்டமைப்பை வினாடிக்கு 10 கிகாபிட் வேகத்துக்கு மேம்படுத்த 100 மில்லியன் வெள்ளி வரை செலவிடப்படும் என்று தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது. 2028ஆம் ஆண்டுக்குள் அரை மில்லியனுக்கும் அதிகமான குடும்பங்கள் அந்த வேகத்துக்கு மாற வேண்டும் என்பது இலக்கு. அதன் பிறகு இணையச் சேவை விளம்பரங்களில் 3, 5, 10 என்ற எண்கள் கொட்டை எழுத்தில் வரத் தொடங்கின. ஒரு திட்டத்துக்கு ஓர் எண். வாடிக்கையாளரும் அந்த ஓர் எண்ணைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறார்.

ஆனால் ஒவ்வோர் இணைப்புக்கும் இரண்டு எண்கள் உண்டு. வீட்டுக்குள் வருவது பதிவிறக்கம். வீட்டிலிருந்து வெளியே போவது பதிவேற்றம். இரண்டாவது எண் பெரும்பாலும் சிறிய எழுத்தில், நட்சத்திரக் குறிக்குக் கீழே இருக்கும். அந்தச் சிறிய எண்தான் பெரிய எண்ணைப் பல நேரங்களில் கட்டிப்போடுகிறது என்பது, இருபது ஆண்டுகளுக்கு முன் டோரண்ட் வழியாகக் கோப்புகளைப் பகிர்ந்த தலைமுறைக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் பட்டு அறிந்த பாடம் இப்போது வேறு வடிவத்தில் எல்லார் வீட்டுக்கும் வந்திருக்கிறது.

சைனாடவுனையே எடுத்துக்கொள்ளலாம். சவுத் பிரிட்ஜ் சாலை, பகோடா ஸ்திரீட், டெம்பிள் ஸ்திரீட் பகுதிகளில் கீழே கடையும் மேலே அறைகளுமாக இருக்கும் பழைய கடைவீடுகளில் ஒரே இணைப்பை ஐந்தாறு பேர் பகிர்ந்துகொள்வது வழக்கம். ஒருவர் ஊரில் இருக்கும் மனைவியிடம் காணொளியில் பேசுவார். இன்னொருவர் படம் பார்ப்பார். மூன்றாமவரின் கைப்பேசி, அவர் கேட்காமலேயே, அன்றைக்கு எடுத்த படங்களை எல்லாம் மேகச் சேமிப்புக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். 2023 பிப்ரவரி 12ஆம் தேதி ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் குடமுழுக்கு நடந்தபோது, கூட்டத்தில் நின்றவர்கள் கைப்பேசியில் பிடித்த காட்சிகள் கோலாலம்பூருக்கும் கண்டிக்கும் திருச்சிக்கும் போனதென்றால், அது முழுக்கப் பதிவேற்றம். பார்ப்பவருக்குத்தான் அது பதிவிறக்கம்.

யாரோ ஒருவர் அனுப்பினால்தான் இன்னொருவர் பெற முடியும். இணையத்தின் மற்ற இடங்களில் இந்த உண்மை மறைந்து கிடக்கிறது, ஏனென்றால் அனுப்புவது பெரிய நிறுவனங்களின் கணினிகள். நேரடிப் பகிர்வில் அனுப்புபவரும் வீட்டுக்காரர், பெறுபவரும் வீட்டுக்காரர்.

மொய் எழுதும் முறை

பிராம் கோஹன் என்ற அமெரிக்க நிரலாளர் 2001ல் பிட்டோரண்ட் முறையை வெளியிட்டார். ஒரு கோப்பைப் பல துண்டுகளாக உடைத்து, வேண்டியவர்கள் எல்லாரையும் ஒரே கூட்டமாக்கி, ஒருவரிடம் இருக்கும் துண்டை மற்றவருக்குக் கொடுத்து வாங்க வைப்பதுதான் அதன் அடிப்படை. மையக் கணினி ஒன்று எல்லாருக்கும் அனுப்பித் திணற வேண்டியதில்லை.

இதில் ஒரு சிக்கல் உடனே வரும். எல்லாரும் வாங்கிக்கொண்டே இருந்து யாரும் கொடுக்காவிட்டால்? கோஹன் அதற்கு வைத்த விடை நம்மவர்களுக்குப் புதிதல்ல. அது மொய்க் கணக்கு. நம் வீட்டு விசேஷத்துக்கு யார் எவ்வளவு எழுதினார்கள் என்று நோட்டைப் பார்த்துத்தான் அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நாம் எழுதுகிறோம். டோரண்ட் மென்பொருளும் தனக்கு அதிக வேகத்தில் துண்டுகளைத் தந்தவர்கள் யார் என்று 10 வினாடிக்கு ஒருமுறை கணக்குப் பார்க்கிறது. முன்னணியில் இருக்கும் சிலருக்கு மட்டும் தன் பதிவேற்றத்தைத் திறந்துவிடுகிறது. மற்றவர்களுக்குக் கதவு மூடப்படும். கோஹனின் தொடக்க வடிவமைப்பில் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் கதவுகள் நான்கு.

புதிதாக வந்தவரிடம் கொடுக்க எதுவும் இருக்காது, அவர் எப்படிக் கணக்கைத் தொடங்குவார்? அதற்காக 30 வினாடிக்கு ஒருமுறை, முன்பின் தெரியாத ஒருவருக்கு ஒரு கதவு சும்மா திறந்துவிடப்படுகிறது. அவர் பதிலுக்கு நல்ல வேகம் தந்தால் உறவு தொடரும்.

ஆகவே, பதிவேற்றத்தை மிகக் குறைவாக வரம்பு கட்டுபவர் மற்றவர்களின் நோட்டில் கீழே போய்விடுகிறார். அவருக்கு அந்த 30 வினாடித் தருமம் மட்டுமே மிஞ்சும். ஈமியூல் என்ற பழைய பகிர்வு மென்பொருள் இதை இன்னும் கறாராகவே செய்தது. பதிவேற்ற வரம்பு வினாடிக்கு 4 கிலோபைட்டுக்குக் கீழே இருந்தால், பதிவிறக்கம் அதைப்போல் மூன்று மடங்கைத் தாண்டாது. 10 கிலோபைட்டுக்குக் கீழே இருந்தால் நான்கு மடங்கு. 10ஐ எட்டினால்தான் கட்டுப்பாடு விலகும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. முழுக் கோப்பையும் வைத்துக்கொண்டு கொடுத்துக்கொண்டே இருப்பவர்களுக்கு யாரிடமும் எதுவும் வாங்க வேண்டியதில்லை. அவர்கள் கணக்குப் பார்ப்பதில்லை. அப்படிப்பட்டவர்கள் நிறைய இருக்கும் கூட்டத்தில் கஞ்சனுக்கும் நல்ல வேகம் கிடைக்கும். புதிய லினக்ஸ் பதிப்பு ஒன்றை டோரண்டில் இறக்குபவர்களுக்குப் பெரும்பாலும் இந்த அதிர்ஷ்டம்தான். அதனால்தான் "வரம்பைக் குறைத்தாலும் எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று சிலர் சாதிக்கிறார்கள். யாரோ ஒருவர் அவருக்காகச் செலவழித்துக்கொண்டிருக்கிறார் என்பதே அதன் பொருள்.

கூட்டிக் கழித்தால் வருவது

தனி ஒருவரின் தந்திரம் எதுவானாலும், மொத்தக் கூட்டத்துக்கும் தப்ப முடியாத கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு கூட்டத்தில் நடக்கும் எல்லாப் பதிவிறக்கத்தின் கூட்டுத்தொகையும் எல்லாப் பதிவேற்றத்தின் கூட்டுத்தொகையும் சமம். வேறு விதமாக இருக்கவே முடியாது.

வினாடிக்கு 8 மெகாபிட் இறக்கி, 512 கிலோபிட் ஏற்றக்கூடிய இணைப்பு உள்ள பத்துப் பேர் ஒரு கூட்டமாகச் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேரின் மொத்தப் பதிவேற்றம் சுமார் 5 மெகாபிட். அதைப் பத்துப் பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு அரை மெகாபிட். 8 மெகாபிட்டுக்கு ஒவ்வொருவரும் மாதாமாதம் பணம் கட்டினாலும் சராசரியாகக் கிடைப்பது இவ்வளவுதான். 700 மெகாபைட் கோப்பு ஒன்று 12 நிமிடத்தில் இறங்க வேண்டும், ஆனால் மூன்று மணி நேரம் எடுக்கும். பத்துப் பேரும் "நமக்கெதற்கு வம்பு" என்று பதிவேற்றத்தைப் பாதியாகக் குறைத்தால் அதுவே ஆறு மணி நேரம்.

இந்த எண்கள் கற்பனைக்கு எடுத்தவை அல்ல. தொலைபேசிக் கம்பி வழியாக வந்த ஏடிஎஸ்எல் இணைப்பின் முதல் தலைமுறைத் தரமே ஏறத்தாழ 8 மெகாபிட் இறக்கம், 1 மெகாபிட்டை ஒட்டிய ஏற்றம் என்றுதான் வகுக்கப்பட்டது. அடுத்து வந்த ஏடிஎஸ்எல் 2 பிளஸ் இறக்கத்தை 24 மெகாபிட்டுக்கு உயர்த்தியது. ஏற்றத்தை ஒன்றேகால், ஒன்றரை மெகாபிட்டுக்கு மேல் கொண்டுபோகவில்லை. வீட்டில் இருப்பவர் பார்ப்பவர், வாசிப்பவர், வாங்குபவர்; அவர் எதை அனுப்பப்போகிறார் என்ற எண்ணத்தில் கம்பியின் அலைவரிசையைப் பொறியாளர்கள் ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிரித்துவிட்டார்கள். பகிர்வு மென்பொருள்கள் அந்த எண்ணத்தைப் பொய்யாக்கின.

ரசீது போக வழியில்லை

இதுவரை சொன்னதைக் கேட்டு, பதிவேற்றத்தை முழுதாகத் திறந்துவிடுவதுதான் நல்லது என்று யாரேனும் முடிவு செய்தால், அங்கே எதிர்ப்பக்கத்து அடி விழும்.

இணையத்தில் தரவு சிறு சிறு பொட்டலங்களாக வருகிறது. வந்து சேர்ந்தது என்று பெறுபவரின் கணினி அனுப்புபவருக்கு ரசீது கொடுக்க வேண்டும். வழக்கமாக 1,500 பைட் பொட்டலங்கள் இரண்டுக்கு 40 பைட் ரசீது ஒன்று. அதாவது 75க்கு 1. வினாடிக்கு 8 மெகாபிட் இறங்க வேண்டுமானால் 100 கிலோபிட்டுக்குச் சற்று மேலாக ரசீதுகள் மட்டுமே மேலே போக வேண்டும். 512 கிலோபிட் வழியில் அது ஐந்தில் ஒரு பங்கு.

ரசீதுகளும் டோரண்ட் அனுப்பும் துண்டுகளும் ஒரே வாசலில் வரிசையில் நிற்கின்றன. பதிவேற்றம் வழியை நிரப்பிவிட்டால், மோடம் தன் நினைவகத்தில் வரிசையை நீட்டிக்கொண்டே போகும். 64 கிலோபைட் வரிசை, 256 கிலோபிட் வழியில் கரைய இரண்டு வினாடி ஆகும். அந்த வரிசையின் கடைசியில் நிற்கும் ரசீது இரண்டு வினாடி தாமதமாகப் போய்ச் சேரும். எதிர்முனையில் இருப்பவர் 64 கிலோபைட் அனுப்பிவிட்டு ரசீதுக்காகக் காத்திருக்கும் வகை என்றால், இரண்டு வினாடிக்கு ஒருமுறைதான் அடுத்த 64 கிலோபைட் கிளம்பும். 8 மெகாபிட் வழியில் அந்த ஓர் இணைப்பு வினாடிக்கு 32 கிலோபைட்டில், அதாவது 256 கிலோபிட்டில் நின்றுவிடும். சாலை காலியாக இருக்கிறது, லாரிகள் தயாராக நிற்கின்றன, கையெழுத்திட்ட சீட்டு திரும்பி வராததால் அடுத்த லாரி கிளம்பவில்லை.

அக்காலத்தில் வீட்டில் ஒரு பிள்ளை டோரண்ட் ஓட்டினால் மற்றவர்களுக்கு ஓர் இணையப் பக்கம்கூடத் திறக்காமல் போனதற்குக் காரணம் இதுதான். அப்பா சேவை நிறுவனத்தைத் திட்டுவார். நிறுவனத்தின் பக்கம் இறக்க வழி முக்கால்வாசி காலியாகவே இருந்திருக்கும்.

இந்த இரண்டு கேடுகளுக்கும் நடுவில் ஓர் இடம் உண்டு. உண்மையில் கிடைக்கும் பதிவேற்ற வேகத்தை அளந்து, அதில் 80 விழுக்காட்டுக்கு வரம்பு கட்டுவது பயனாளர்கள் அனுபவத்தில் கண்ட கணக்கு. ரசீதுகளுக்கு மீதி வழி இருக்கும், கொடுத்து வாங்கவும் குறையிருக்காது. இங்கே பலர் சறுக்கியது அலகில். நிறுவனம் சொல்வது பிட், மென்பொருள் கேட்பது பைட். 512 கிலோபிட் என்பது 64 கிலோபைட். அதில் 80 விழுக்காடு 51. மென்பொருளில் 400 என்று எழுதியவர் வரம்பே கட்டவில்லை. இன்னொரு வேடிக்கை, மியூடோரண்ட், கியூபிட்டோரண்ட் போன்றவற்றில் பதிவேற்ற வரம்பு 0 என்றால் "வரம்பில்லை" என்று பொருள். எதையும் அனுப்பக் கூடாது என்று நினைத்துச் சுழியம் போட்டவர்கள் கதவை அகலத் திறந்துவைத்தார்கள்.

பிறகு மென்பொருளே இதைக் கற்றுக்கொண்டது. 2010ல் மியூடோரண்ட் புதிய அனுப்பு முறை ஒன்றைக் கொண்டுவந்தது. வரிசை நீள்வதைத் தாமதத்தை வைத்து உணர்ந்து, மற்ற வேலைகளுக்கு வழிவிட்டுப் பின்வாங்கும் முறை அது. அதன் அடிப்படை விதிகள் 2012 டிசம்பரில் இணையத் தர ஆவணமாகவும் வெளிவந்தன.

கொடுத்ததால் மாட்டியவர்கள்

பதிவேற்ற வரம்பைக் குறைத்தவர்கள் எல்லாரும் வேகத்துக்காக அதைச் செய்யவில்லை. சிங்கப்பூரில் பயமும் ஒரு காரணம். அந்தப் பயம் 2007ல் தொடங்கியது.

ஜப்பானிய உயிரோவியப் படங்களை இங்கே விநியோகித்த ஓடெக்ஸ் என்ற உள்ளூர் நிறுவனம், டோரண்ட் கூட்டங்களைக் கண்காணிக்க பேடிஎஸ்பி என்ற அமெரிக்க நிறுவனத்தை அமர்த்தியது. கூட்டத்தில் இருக்கும் ஒவ்வொருவரின் ஐபி முகவரியும் மற்றவர்களுக்குத் தெரிந்தால்தான் கொடுத்து வாங்க முடியும். ஆகவே உளவு பார்ப்பதற்குப் பெரிய வித்தை தேவையில்லை, கூட்டத்தில் தானும் ஓர் ஆளாகப் போய் நின்றால் போதும். முகவரிகளைத் திரட்டிக்கொண்டு, அவை யார் பெயரில் உள்ளன என்று கேட்டு சிங்நெட், ஸ்டார்ஹப், பசிபிக் இன்டர்நெட் ஆகிய மூன்று சேவை நிறுவனங்களையும் அது நீதிமன்றம்வரை துரத்தியது. பெயர் கிடைத்தவர்களுக்கு 3,000 வெள்ளி முதல் 5,000 வெள்ளி வரை கேட்டுக் கடிதங்கள் போயின. இணையக் கட்டணம் பெற்றோர் பெயரில் இருந்ததால் கடிதமும் பெற்றோருக்கே வந்தது. கார்ட்டூன் பார்த்ததற்கு ஒரு மாதச் சம்பளமா என்று திகைத்த குடும்பங்கள் அப்போது பல.

பசிபிக் இன்டர்நெட் எதிர்த்து நின்றது. 2007 ஆகஸ்டில் கீழ்நீதிமன்றம் ஓடெக்ஸின் மனுவைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டில் 2008 ஜனவரியில் உயர் நீதிமன்ற நீதிபதி வூ பி லி வழங்கிய தீர்ப்பு இரண்டு பக்கமும் வெட்டியது. ஓடெக்ஸுக்கு ஒரே ஒரு தொடருக்குத்தான் தனியுரிமை இருந்தது. மற்றவற்றுக்கு உரிமையாளர் அல்லாத ஒருவர் வாடிக்கையாளர் பெயர்களைக் கேட்க முடியாது என்று அதன் மேல்முறையீடு ஏற்கப்படவில்லை. ஆனால் வழக்கில் சேர்ந்துகொண்ட ஜப்பானியப் படநிறுவனங்களிடம் பெயர்களை ஒப்படைக்க உத்தரவானது. வாடிக்கையாளரின் அந்தரங்கம் காப்பாற்றப்பட்டது என்று சிலர் மகிழ்ந்தது அரைகுறை மகிழ்ச்சிதான்.

2015ல் அதே கதை மீண்டும் வந்தது. டாலஸ் பையர்ஸ் கிளப் என்ற ஹாலிவுட் படத்தின் உரிமையாளர்கள், உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் பெயர்களைப் பெற்று 500க்கும் மேற்பட்ட சிங்கப்பூர்ச் சந்தாதாரர்களுக்கு வழக்கறிஞர் கடிதம் அனுப்பினார்கள். 2016ல் வேறு இரண்டு படங்களுக்காக அதே வகை மனுக்கள் வந்தபோது தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகம் தலையிட்டது. போதிய சான்று இல்லை என்று நீதிமன்றம் அந்த மனுக்களை ஏற்கவில்லை. கடித மழை அதோடு அடங்கியது.

இந்த வழக்குகளில் வெளிப்பட்ட ஒன்றை இன்றும் பலர் தவறாகவே புரிந்துகொண்டிருக்கிறார்கள். கடையில் திருட்டு விசிடி வாங்கியவர் வாங்கியவர் மட்டுமே. டோரண்டில் வாங்கும் ஒவ்வொருவரும் அதே நேரத்தில் விநியோகிப்பவர். முறையே அப்படித்தான் இயங்குகிறது. உரிமையாளரின் வழக்கறிஞருக்கு அது வசதி, ஏனென்றால் ஒரு பிரதி எடுத்தார் என்பதைவிட ஊருக்கே பரப்பினார் என்ற குற்றச்சாட்டு கனமானது. வேண்டுமென்றே பெரிய அளவில் பதிப்புரிமையை மீறுவது 2005ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூரில் குற்றவியல் குற்றமாகவும் ஆனது; முதல் முறைக்கு 20,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. பதிவேற்றத்தை 1 கிலோபைட்டுக்குச் சுருக்கியவரும் கூட்டத்தின் பட்டியலில் இருக்கிறார், அவர் முகவரியும் தெரிகிறது, பிரதி எடுத்த குற்றமும் அப்படியே இருக்கிறது. வேகமும் போய், பாதுகாப்பும் வராத நிலை அது.

வரம்பு வைப்பது யார்

பதிவேற்றத்துக்கு வரம்பு கட்டியது பயனாளர் மட்டும் அல்ல. அமெரிக்காவின் காம்காஸ்ட் நிறுவனம் 2007ல் செய்தது பாடப்புத்தகத்தில் வைக்க வேண்டியது. தன் வாடிக்கையாளர் டோரண்டில் பதிவேற்றத் தொடங்கினால், இரண்டு முனைகளுக்கும் மற்றவர் அனுப்பியதுபோல் "இணைப்பைத் துண்டிக்கவும்" என்ற பொய்ப் பொட்டலத்தை அது நடுவில் நுழைத்தது. ஏபி செய்தி நிறுவனம் அந்த ஆண்டு அக்டோபரில், பதிப்புரிமைச் சிக்கல் இல்லாத பைபிள் கோப்பை அனுப்பிச் சோதித்து அதை உறுதிப்படுத்தியது. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 2008 ஆகஸ்டில் அதைக் கண்டித்தது. 2010 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆணையத்துக்கு அப்படி உத்தரவிட அதிகாரம் இல்லை என்று அதை ரத்து செய்தது.

சிங்கப்பூர் 2011 ஜூனில் தன் நிலையை வகுத்தது. சட்டபூர்வமான எந்த உள்ளடக்கத்தையும் சேவை நிறுவனங்கள் தடுக்கக் கூடாது. நெரிசலைச் சமாளிக்க நியாயமான அளவில் நிர்வகிக்கலாம், ஆனால் செய்வதை வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும். தொடர்ந்து 2012ல், விளம்பரத்தில் போடும் உச்ச வேகம் மட்டும் போதாது, வழக்கமாகக் கிடைக்கும் வேகத்தையும் வெளியிட வேண்டும் என்ற விதி வந்தது. நல்ல விதி. அதிலும் பேசப்பட்டது பதிவிறக்க வேகம்.

தமிழ்த் திரையுலகம் வேறு வழியில் போனது. 2012ல் "3" படத்துக்காக சென்னை உயர் நீதிமன்றத்தில் பெறப்பட்ட தடை உத்தரவைக் காட்டி, இந்திய இணைய நிறுவனங்கள் பல தளங்களை ஒட்டுமொத்தமாக மூடின. அதில் முறையாக இயங்கிய காணொளித் தளங்களும் அகப்பட்டன. குறிப்பிட்ட பக்கங்களை மட்டும் தடுக்கலாம் என்று நீதிமன்றம் அந்த ஜூனில் தெளிவுபடுத்தியது. சிங்கப்பூரில் 2018ல் உயர் நீதிமன்ற உத்தரவால் 53 திருட்டுத் தளங்கள் முடக்கப்பட்டன, பைரேட் பே உட்பட. தளத்தை மூடுவது பட்டியலைக் கிழிப்பது மாதிரி. மொய் நோட்டு வீட்டு வீட்டுக்கு இருக்கும் வரை கொடுக்கல் வாங்கல் நிற்பதில்லை.

பெட்டிக்குள் ஒளிந்திருக்கும் பதிவேற்றம்

டோரண்ட் பழக்கம் இங்கே குறைந்ததற்கு வழக்குகளைவிட, மாதச் சந்தா ஒளிபரப்புச் சேவைகள்தாம் காரணமாக இருக்க வேண்டும். அதே காலத்தில், ஒருமுறை காசு கொடுத்தால் எல்லா அலைவரிசையும் வரும் என்று விற்கப்பட்ட ஆண்ட்ராய்டு தொலைக்காட்சிப் பெட்டிகள் பரவின. 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டம் அவற்றை விற்பதைக் குற்றமாக்கியது. தனிநபருக்கு 100,000 வெள்ளி வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை. 2022 அக்டோபரில் சிம் லிம் ஸ்குவேரில் நடந்த சோதனையில் 17 பேர் பிடிபட்டார்கள், 2,500க்கும் அதிகமான பெட்டிகள் கைப்பற்றப்பட்டன.

இந்தப் பெட்டிகளில் சில, நேரடிப் பகிர்வு முறையிலேயே படத்தை வரவழைக்கின்றன. அதாவது வரவேற்பறையில் தாத்தா தொடர் பார்க்கும்போது, அவர் பெட்டி அதே காட்சியை முன்பின் தெரியாத பத்து வீடுகளுக்கு அனுப்பிக்கொண்டிருக்கலாம். டோரண்ட் ஓட்டிய பிள்ளைக்குத் தன் பதிவேற்ற வேகம் திரையில் தெரிந்தது. வரம்பு கட்டவும் இடம் இருந்தது. தாத்தாவுக்கு இரண்டும் இல்லை. அதைவிட மோசமானதும் நடக்கிறது. மலிவு விலை ஆண்ட்ராய்டு பெட்டிகளில் தீநிரல் முன்கூட்டியே ஏற்றப்பட்டு, வீட்டு இணைப்பை அந்நியர்கள் தங்கள் முகமூடியாகப் பயன்படுத்துகிறார்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூனில் எச்சரித்தது. வீட்டின் ஐபி முகவரியில் நடந்தது எதுவானாலும் கடிதம் யார் பெயருக்கு வரும் என்பதை 2007 காட்டிவிட்டது.

எஸ்டேட்டில் இருப்பவருக்கு

கண்ணாடியிழை வந்த பட்டணத்தில் இதையெல்லாம் கொஞ்சம் அலட்சியமாக விடலாம். மலேசியத் தோட்டப்புறங்களிலும் இலங்கை மலையகத்திலும் கைப்பேசி இணைப்பை நம்பி இருப்பவர்களுக்கு அப்படி இல்லை. அலைபேசிக் கோபுரம் பத்துக் கணக்கான வாட் சக்தியில் கத்துகிறது. கையில் இருக்கும் கருவி அதிகபட்சம் 0.2 வாட்டில்தான் பதில் சொல்ல முடியும். செம்பனை வரிசைகளுக்கு நடுவே, கோபுரத்துக்குத் தூரத்தில் இருக்கும் லயத்து வீட்டில், திரையில் மூன்று கோடுகள் தெரிந்தும் காணொளி அழைப்பு உறைந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம். கோபுரம் சொல்வது கேட்கிறது, வீடு சொல்வது கோபுரத்துக்குக் கேட்கவில்லை. ரசீது போகாததால் இறக்கமும் நிற்கிறது. இணைய வகுப்பில் ஒரு பிள்ளை பேசும்போது இன்னொரு கைப்பேசி படங்களை மேகத்துக்கு ஏற்றினால், அந்தக் குறுகிய வழியும் அடைபட்டுவிடும்.

மலேசியாவில் 2010 மார்ச்சில் யூனிஃபை அறிமுகமானபோது 5, 10, 20 மெகாபிட் திட்டங்கள் மூன்றிலும் ஏற்றமும் இறக்கமும் சமம். பிறகு வந்த வேகமான திட்டங்களில் இறக்கம் பல மடங்கு கூடியது, ஏற்றம் அந்த விகிதத்தில் கூடவில்லை. வேகம் கூடக்கூடச் சாய்வும் கூடியது என்பது கவனிக்க வேண்டியது.

10 கிகாபிட் திட்டத்திலும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பழைய கண்ணாடியிழைத் தொழில்நுட்பம் ஒரு பகிர்வு வலையில் இருக்கும் வீடுகளுக்கெல்லாம் சேர்த்து ஏறத்தாழ 2.5 கிகாபிட் இறக்கமும் அதில் பாதி ஏற்றமும் தருகிறது. புதியதில் இரண்டு வகை. ஒன்று 10 இறக்கம், 2.5 ஏற்றம். மற்றது இரண்டு பக்கமும் 10. விளம்பரத்தில் இரண்டுக்கும் ஒரே எண்தான். கடையில் கையெழுத்துப் போடுமுன் "ஏற்றம் எவ்வளவு" என்று கேட்டு, பதிலை ஒப்பந்தத்தில் எழுத்தில் பார்த்துக்கொள்ள ஒரு நிமிடம் போதும்.

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் இணைப்புக்கும் செய்ய வேண்டியது பெரிதல்ல. இரவில் எல்லாரும் இருக்கும் நேரத்தில் வேகத்தை ஒருமுறை அளந்து பார்க்கலாம். ஏற்ற எண்ணில் 80 விழுக்காட்டை எடுத்து, வரிசை நிர்வாகம் என்ற வசதி ரவுட்டரில் இருந்தால் அங்கே பதியலாம். இல்லாவிட்டால், படச் சேமிப்பையும் கண்காணிப்புக் கேமரா பதிவுகளையும் எல்லாரும் தூங்கிய பிறகு ஏறும்படி மாற்றி வைக்கலாம். தொலைக்காட்சிப் பெட்டியை அணைத்துவிட்டு ஒருமுறை, போட்டுவிட்டு ஒருமுறை ஏற்ற வேகத்தை அளந்தால், இரண்டுக்கும் இடையில் காணாமல் போன வேகம் எங்கே போகிறது என்று விற்றவரிடமே கேட்கலாம்.